போர்டு எழுதக் கொடுக்கும் முன்…

டெல்டா மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் பெண் மருத்துவர் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். வயது 36. சர்வீஸ் கோட்டாவில் (அரசு மருத்துவர்களுக்கான ஒதுக்கீடு) எம்.டி. பொது மருத்துவம் முடித்து நான்கு வருடம் ஆகிறது. கணவருக்கு வங்கி வேலை, மகள் இரண்டாம் வகுப்பு. வாரத்தில் மூன்று நாள் தொற்றா நோய் ஓ.பி. அவர் பொறுப்பு. பகல் ஒரு மணிக்குள் நூறு சர்க்கரை நோயாளிகளைப் பார்த்துவிடுகிறார். எண்டோகிரைனாலஜியில், அதாவது ஹார்மோன் மருத்துவத்தில், டி.எம். என்ற மூன்று வருட உயர் சிறப்புப் பட்டம் படிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 2019-இல் அதற்கான நுழைவுத்தேர்வான நீட் எஸ்.எஸ். எழுதி இடம் வாங்கிய சீனியர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, எட்டு மாதம் எண்டோகிரைனாலஜி பாடநூல் ஒன்றையே முழுதாகப் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போனார். தகுதி மதிப்பெண்ணே வரவில்லை.

இப்போது வீட்டில் வேறு பேச்சு. "ஒரு வருஷம் ஆன்லைன்ல டயபடிஸ் டிப்ளமா முடிச்சிடும்மா. கடைத்தெருவுல நம்ம இடத்துலயே சாயங்காலக் கிளினிக் போட்டுடலாம்" என்கிறார் மாமனார். 'சர்க்கரை, தைராய்டு, ஹார்மோன் சிறப்பு மருத்துவர்' என்று போர்டுக்கு வாசகம்கூடத் தயார். இங்கிலாந்தில் இருக்கும் தோழியோ, "இங்கே நடத்தும் எஸ்.சி.இ. என்ற சிறப்புத்துறைத் தேர்வை எழுதினால் போதும், அது டி.எம்.முக்குச் சமம்" என்கிறாராம். எதை நம்புவது, இந்த வயதில் மூன்று வருடம் ஒதுக்குவது சரியா, டி.எம். இல்லாவிட்டால் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கவே கூடாதா என்று கேட்கிறார்.

அன்புள்ள டாக்டர்,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் பயம் பாதியாவது அங்கேதான் இருக்கிறது. எம்.டி. பொது மருத்துவம் படித்த நீங்கள் சர்க்கரை, தைராய்டு, எலும்புத் தேய்மானம், பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) எல்லாவற்றுக்கும் மருத்துவம் பார்க்கலாம். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நாட்டில் உள்ள சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலோரைப் பார்ப்பது உங்களைப் போன்ற பொது மருத்துவர்கள்தான். டி.எம். முடித்தவர்களை மட்டும் நம்பி இந்த நோயைச் சமாளிக்க முடியாது. மருத்துவம் பார்ப்பது ஒன்று, 'நான் இதில் ஸ்பெஷலிஸ்ட்' என்று சொல்லிக்கொள்வது வேறொன்று. சிக்கல் இரண்டாவதில்தான்.

அந்தப் போர்டைப் பற்றி

மருத்துவர்களின் தொழில் நடத்தை குறித்த 2002-ஆம் ஆண்டு விதிமுறைகள்தான் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த புதிய விதிகள் அந்த மாதமே நிறுத்திவைக்கப்பட்டன. 2002 விதிகளில் 7.20-ஐ எடுத்துப் பாருங்கள். ஒரு துறையில் தனித்தகுதி இல்லாத மருத்துவர் அந்தத் துறையின் ஸ்பெஷலிஸ்ட் என்று உரிமை கோரக்கூடாது என்று நேராகவே சொல்கிறது. ஆன்லைன் டிப்ளமா அந்தத் தனித்தகுதி ஆகாது. மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய முடியாத எந்தச் சான்றிதழும் ஆகாது.

அதற்காக அந்தப் படிப்புகள் வீண் என்று சொல்லவில்லை. மாதம் ஒரு நாள் வகுப்போடு ஒரு வருடம் நடக்கும் நீரிழிவுச் சான்றிதழ்ப் படிப்புகளும் சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் அஞ்சல்வழி டிப்ளமாக்களும் இன்சுலின் மாற்றுவது, கால் பரிசோதனை, கர்ப்பகால நீரிழிவு என்று தினசரி வேலைக்கு உதவும். நல்ல படிப்பு நடத்துபவர்கள், இது அங்கீகரிக்கப்பட்ட மருத்துவப் பட்டம் அல்ல என்று விண்ணப்பத்திலேயே அச்சிட்டுவிடுவார்கள். அந்த வரி எங்கேயும் கண்ணில் படவில்லையென்றால் சந்தேகப்படுங்கள். சில தனியார் மருத்துவமனைகள் 'எண்டோகிரைனாலஜி ஃபெலோஷிப்' என்று ஒரு வருடம் வேலை வாங்குகின்றன. சேரும் முன், அதைக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரத் தாமதமானாலே விஷயம் புரிந்துவிடும்.

மாமனாரிடம் சொல்ல மாற்று வாசகம் தருகிறேன். உங்கள் பெயர், எம்.டி. (பொது மருத்துவம்), பதிவு எண், அதன் கீழே 'சர்க்கரை, தைராய்டு சிகிச்சை அளிக்கப்படும்'. இது உண்மை, யாரும் குறை சொல்ல முடியாது. 'ஹார்மோன் சிறப்பு மருத்துவர்' என்ற வரி மட்டும் வேண்டாம். ஒரு நோயாளி நுகர்வோர் மன்றத்துக்குப் போனால் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுக்கும் போட்டோ அந்தப் போர்டாகத்தான் இருக்கும்.

படித்தது ஒன்று, எழுதியது வேறொன்று

உங்கள் தோல்விக்குக் காரணம் உழைப்புக் குறைவு இல்லை. சீனியர் பொய் சொல்லவும் இல்லை. அவர் எழுதிய காலத்தில் நீட் எஸ்.எஸ். வினாத்தாளில் 60 சதவீதம் நாம் தேர்ந்தெடுத்த உயர் சிறப்புத் துறையிலிருந்தும் 40 சதவீதம் பொது மருத்துவத்திலிருந்தும் வந்தது. 2021-இல் அதை மாற்ற முயன்றபோது பெரிய வழக்கு நடந்தது. அந்த ஆண்டுக்குப் பழைய முறையே நீடித்து, 2022 முதல் புதிய முறை வந்தது. இப்போது 150 கேள்விகளும் அடிப்படைத் துறையிலிருந்துதான். எண்டோகிரைனாலஜி வேண்டும் என்றாலும், இதயவியலோ நரம்பியலோ வேண்டும் என்றாலும் ஒரே தாள்தான். ஆக எட்டு மாதம் நீங்கள் படித்தது அந்தத் தாளின் ஒரு மூலையை மட்டும். இசிஜி, பக்கவாதம், சிறுநீரகம், ஈரல், தொற்றுநோய், இரத்தவியல் என்று மற்றதெல்லாம் எம்.டி. கால நினைவிலேயே ஓடியிருக்கும்.

கடிதத்தில் இன்னொரு இடமும் இடறுகிறது. '600-க்கு 300 எடுத்தால்தான் தகுதி' என்று எழுதியிருக்கிறீர்கள். விதி சொல்வது 50-ஆவது பெர்சன்டைல். அது சதவீதம் இல்லை. உங்கள் பிரிவில் எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேலே நீங்கள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அது எத்தனை மதிப்பெண் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். சில ஆண்டுகளில் இடம் மிஞ்சியபோது கடைசிச் சுற்றுகளில் இந்த வரம்பைத் தளர்த்தியும் இருக்கிறார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். அப்படி மிஞ்சும் இடங்களில் எண்டோகிரைனாலஜி இருக்கும் என்று உறுதி இல்லை.

சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. பயந்து 30 கேள்விகளை விட்டுவிட்டேன் என்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு விடைகளில் இரண்டைத் தள்ளிவிட முடிந்தால், மிச்சம் இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் கேள்விக்குச் சராசரியாக ஒன்றரை மதிப்பெண் கிடைக்கும். முப்பதிலும் அப்படித் தள்ள முடிந்திருந்தால் 45 மதிப்பெண். ஒன்றுமே தெரியாத கேள்வியில்கூடச் சராசரி கால் மதிப்பெண் லாபம்தான். நட்டம் இல்லை.

அடுத்த தடவைக்கு ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு மாதம் பொது மருத்துவம் முழுவதையும் உறுப்பு வாரியாக ஒரு சுற்று. தினம் 50 கேள்வி, தவறானவற்றுக்குத் தனி நோட்டு. ஐந்தாம் மாதம் அந்த நோட்டு மட்டும். ஆறாவதில் வாரம் இரண்டு மாதிரித் தேர்வு, இரண்டரை மணி நேரம் இடையில் எழுந்திருக்காமல். எண்டோகிரைனாலஜி உங்களுக்கு ஏற்கெனவே கைவசம் இருக்கிறது, ஒரு வாரம் போதும். தேர்வுத் தேதி தள்ளிப்போவது இங்கே வாடிக்கை என்பதால், அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் தொடங்கிவிடுங்கள்.

ஜிப்மர், எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ. ஆகியவை நீட் எஸ்.எஸ்.ஸில் வராது. அவற்றுக்கு ஐ.என்.ஐ. எஸ்.எஸ். என்று தனித்தேர்வு, ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை சேர்க்கை. எழுத்துத் தேர்வுக்குப் பிறகு துறையில் நேரடி மதிப்பீடும் உண்டு. அங்கே நீங்கள் படித்த அந்தப் பெரிய பாடநூல் கைகொடுக்கும். புதுச்சேரி உங்கள் ஊரிலிருந்து தூரமும் இல்லை. இரண்டு தேர்வையும் எழுதுங்கள்.

டி.எம்.மா, தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் டிஆர்என்பி என்ற உயர் சிறப்புப் படிப்பா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் மூன்று வருடம், இரண்டுக்கும் நீட் எஸ்.எஸ். தரவரிசைதான், இரண்டும் அங்கீகாரம் உள்ளவை. எந்த மருத்துவமனை என்பதுதான் முக்கியம். ஆனால் டிஆர்என்பியில் சேர்ந்துவிட்டு நடுவில் விட்டால், அந்தப் பாடக்காலம் முடியும்வரை வேறு இடத்தில் சேர முடியாது. 'இப்போதைக்குச் சேருவோம், அடுத்த வருஷம் பார்ப்போம்' என்ற யோசனை வேண்டாம்.

சர்வீஸ் கோட்டா: இனிப்பும் இருக்கிறது, எறும்பும் இருக்கிறது

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளின் உயர் சிறப்பு இடங்களில் 50 சதவீதம் அரசு மருத்துவர்களுக்கு என்று 2020 நவம்பரில் அரசாணை வந்தது. வழக்குகளுக்குப் பிறகு 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைச் செயல்படுத்த வழிவிட்டது. உங்களுக்கு இருக்கும் பெரிய அனுகூலம் இதுதான். அகில இந்தியப் போட்டியில் எட்டாத தரவரிசைக்கு இங்கே இடம் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் கோட்டா என்பதால் தகுதி மதிப்பெண் தேவையில்லை என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். நீட் எஸ்.எஸ். தகுதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

எறும்பு எங்கே என்றால், பாண்டில். எம்.டி.க்குப் போட்ட சேவை ஒப்பந்தம் உங்களுக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டி.எம்.முக்கு இன்னொன்று சேரும். அரசு செலவில் உயர் சிறப்புப் படிப்பு என்பதால் நீண்டகாலம் அரசுப் பணியில் இருப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தக் காலம் எத்தனை, மீறினால் தொகை எவ்வளவு, எம்.டி. பாண்டு இதோடு சேர்ந்து ஓடுமா அல்லது ஒன்று முடிந்து மற்றொன்றா, படிக்கும் காலத்தில் கிடைப்பது சம்பளமா உதவித்தொகையா, அந்த வருடங்கள் பதவி உயர்வுக்கு எண்ணப்படுமா என்று ஐந்து கேள்விகளையும் அந்தந்த ஆண்டு கையேட்டை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். பக்கத்து வார்டு நண்பர் சொன்னது போன வருடக் கதையாக இருக்கும்.

முடித்த பிறகு எங்கே போடுவார்கள் என்பதையும் கணவரோடு பேசிக்கொள்ளுங்கள். டி.எம். படித்தவருக்கு வேலை மருத்துவக் கல்லூரியில்தான் பொருத்தம். தாலுகா மருத்துவமனையில் உங்கள் படிப்புக்கு லேபே இருக்காது. ஆக, வீடு மாற வேண்டிவரலாம். வேலூர் சி.எம்.சி. மாதிரி அகில இந்திய ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால், அரசுப் பணியிலிருந்து விடுவிப்புக் கடிதம் தனிப் பிரச்சினை. விருப்பப் பட்டியல் போடும் முன்பே அதை விசாரித்துவிடுங்கள். இடம் வந்த பிறகு ஓடினால் சேர்க்கைக்கான கெடு முடிந்துவிடும்.

இங்கிலாந்துத் தோழி சொன்னது

எஸ்.சி.இ. நல்ல தேர்வு. ஒரே நாளில் இரண்டு தாள், தாளுக்கு நூறு கேள்வி, மூன்று மணி நேரம். ஆனால் அது அறிவுச் சோதனை மட்டுமே. இங்கிலாந்திலேயே அதை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கன்சல்டன்ட் ஆவதில்லை. அங்கே மூன்று வருடம் உள்மருத்துவப் பயிற்சி, பிறகு எஸ்.டி.4 முதல் எஸ்.டி.7 வரை நான்கு வருடம் எண்டோகிரைனாலஜியும் பொது மருத்துவமும் சேர்ந்த பயிற்சி. அதன் நடுவில் எழுதும் தேர்வுதான் எஸ்.சி.இ. இந்தியாவில் அது டி.எம்.முக்குச் சமம் இல்லை, கூடுதல் தகுதியாகவும் பதிவாகாது. அந்தப் பயிற்சியை முழுதாக முடித்து அங்கே ஸ்பெஷலிஸ்ட்டாகப் பதிவானவர் திரும்பி வந்தால் கதை வேறு. 'பயிற்சிக்காக மட்டும் இரண்டு வருடம்' என்று எம்.டி.ஐ. என்ற வெளிநாட்டு மருத்துவர் பயிற்சித் திட்டத்தில் போவதும் நல்ல அனுபவம்தான், கையில் பட்டம் வராது. அங்கே பயிற்சி இடங்களுக்கு இப்போது போட்டி கடுமை, உள்நாட்டுப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை தரும் முடிவையும் அரசு எடுத்திருக்கிறது. மகளையும் பாண்டையும் வைத்துக்கொண்டு உங்களுக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

மூன்று வருடம் எதற்கு?

'சர்க்கரைக்குத்தானே, அதைத்தான் தினமும் பார்க்கிறேனே' என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவருக்கு இரண்டு காட்சிகளைச் சொல்லுங்கள்.

ஒன்று, இன்சுலின் டாலரன்ஸ் டெஸ்ட். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அழுத்தத்துக்குப் பதில் சொல்கிறதா என்று பார்க்க, வெறும் வயிற்றில் இருப்பவருக்கு கிலோவுக்கு 0.1 முதல் 0.15 யூனிட் இன்சுலினை நரம்பில் செலுத்தி, வேண்டுமென்றே சர்க்கரையை 40-க்குக் கீழே இறக்குவார்கள். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறத் தொடங்கும் அந்த நேரத்தில் பக்கத்தில் டெக்ஸ்ட்ரோஸ் ஊசியோடு நின்றபடி, இரத்தம் எடுக்கும் நேரம் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டுச் சீக்கிரமே டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்தால், சர்க்கரை போதுமான அளவு இறங்காமல் சோதனை வீண். பொறுத்தது கொஞ்சம் கூடினால் வலிப்பு. இதயநோய், வலிப்புநோய் உள்ளவருக்குத் தொடவே கூடாது. எப்போது கொடுப்பது என்ற அந்தத் தீர்ப்பைத் திரையில் கற்க முடியாது. பத்துப் பேருக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

மற்றது ஏ.சி.டி.எச். சோதனைக்கான இரத்த மாதிரி. அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன் அது. குளிரூட்டிய ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்து, ஐஸில் வைத்து, உடனே குளிர் சென்ட்ரிஃப்யூஜில் பிரிக்க வேண்டும். வார்டு மேசையில் ஒரு மணி நேரம் கிடந்தால் ஹார்மோன் சிதைந்து அளவு பொய்யாகக் குறையும். உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசோல் மிகையாகும் குஷிங் நோயாளிக்கு அப்படி ஒரு பொய் ரிப்போர்ட் வந்தால், தலையில் இருக்கும் கட்டியை விட்டுவிட்டு அட்ரீனலைத் தேடிப் போவார்கள். பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினில் இன்னொரு கூத்து உண்டு. கட்டி மிகப் பெரிது, ஆனால் ரிப்போர்ட்டில் அளவு 150 என்று கொஞ்சம் மட்டுமே கூடியதுபோல வரும். ஹார்மோன் அதிகமாகப் போய் லேப் முறையே திணறியதால் வரும் பொய் அது. மாதிரியை நூறு மடங்கு நீர்த்து மறுபடி பார்க்கச் சொன்னால் ஆயிரக்கணக்கில் ஏறும். மாத்திரையில் சுருங்கும் கட்டிக்கு அறுவை சிகிச்சை தப்பும். லேபுக்குப் போன் போட்டு 'நீர்த்துப் பாருங்கள்' என்று சொல்லும் அந்தப் பழக்கத்துக்காகத்தான் மூன்று வருடம்.

இதனால்தான் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைவிட, பக்கத்தில் என்ன துறைகள் இருக்கின்றன என்று பார்க்கச் சொல்வேன். பிட்யூட்டரி அறுவை சிகிச்சை வழக்கமாக நடக்கும் நரம்பு அறுவைத் துறை, எண்டோகிரைன் சர்ஜரி, அயோடின் சிகிச்சைக்கு நியூக்ளியர் மெடிசின், குழந்தைகள் பிரிவில் வளர்ச்சிக் குறைபாட்டுக்குத் தனி ஓ.பி., சொந்த ஹார்மோன் லேப். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் எண்டோகிரைன் சர்ஜரிக்குத் தனித்துறையே உண்டு. இவை இல்லாத இடத்தில் சேர்ந்தால் மூன்று வருடமும் சர்க்கரை ஓ.பி.தான் பார்ப்பீர்கள், அதை இப்போதே செய்கிறீர்கள். இப்போது அங்கே படிக்கும் இரண்டாம் வருட மாணவருக்குப் போன் செய்து, போன மாதம் எத்தனை குஷிங், எத்தனை ஃபியோக்ரோமோசைட்டோமா (ஒருவகை அட்ரீனல் கட்டி) பார்த்தார் என்று கேளுங்கள். யோசித்து யோசித்துப் பதில் சொன்னால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.

வயதைப் பற்றி: நீட் எஸ்.எஸ்.ஸுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. 37-இல் சேர்ந்தால் 40-இல் முடிப்பீர்கள். இரவு டூட்டி இருக்கும், ஆனால் இதயவியல் மாதிரி நள்ளிரவில் கேத் லேபுக்கு ஓடும் துறை இல்லை. பள்ளிக்குழந்தையோடு படிக்க முடிகிற உயர் சிறப்புத் துறைகளில் இதுவும் ஒன்று. முதல் வருடம் மட்டும் வீட்டில் இன்னொரு ஆள் துணை வேண்டும்.

என் யோசனை: இரண்டு தேர்வுச் சுழற்சியைச் சரியான பாடத்தைப் படித்து எழுதுங்கள். இரண்டிலும் வரவில்லையென்றால் அப்போது நீரிழிவுச் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்து, பொது மருத்துவராகவே நன்றாக நடத்துங்கள். கிளினிக்கை இப்போதே திறந்தால் சாயங்காலம் ஐந்து முதல் ஒன்பது வரை போய்விடும், படிப்புக்கு மிச்சமாவது தூக்கம் மட்டும்தான்.

இதற்கிடையில் உங்கள் ஓ.பி.யிலேயே செய்யக்கூடியது ஒன்று. மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் பேர் தெரியாத மாத்திரையை மாதக்கணக்கில் வாங்கித் தின்று முகம் உப்பி வருபவர்கள் டெல்டாவில் குறைவில்லை. அதில் ஸ்டீராய்டு இருக்கும். 'உடனே நிறுத்துங்கள்' என்று அனுப்பிவிட்டால், அடுத்த காய்ச்சலில் பி.பி. இறங்கி, உடலின் சொந்த ஸ்டீராய்டு போதாமல் போகும் அட்ரீனல் கிரைசிஸில் வந்து விழுவார்கள். நிறுத்தச் சொல்வதற்குப் பதில் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரைக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைத்து வாருங்கள். காலை எட்டு மணிக் கார்ட்டிசோல் பார்த்த பிறகே முழுதாக நிறுத்துங்கள். கிரைசிஸில் வந்தால் லேப் முடிவுக்குக் காத்திருக்காமல் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. நரம்பில், கூடவே நார்மல் சலைன். இப்படி வரும் ஒவ்வொருவரையும் தேதி, மாத்திரை, கார்ட்டிசோல் அளவு என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஜிப்மர் நேரடி மதிப்பீட்டில் 'உங்கள் மருத்துவமனையில் எண்டோகிரைன் நோயாளிகள் வருகிறார்களா?' என்று கேட்டால், அந்த நோட்டிலிருந்து தொடங்கலாம்.